கேட்காமல் மேலெழுதிய மேக்ரோ: மொரிசியஸ் மாலைப் பள்ளி ஒன்றில் அழிந்த கருத்துரைகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

மொரிசியஸில் ரோஸ் ஹில் பக்கம் ஒரு கோவில் சங்கம் தமிழ் மாலைப் பள்ளி நடத்துகிறது. இரண்டாம் பருவ முடிவில் பெற்றோருக்குக் கொடுக்க வேண்டிய மாணவர் அறிக்கைகளில் ஆசிரியர்கள் எழுதிய கருத்துரைகள் அங்கே ஒரே மாலையில் காணாமற்போயின. வைரஸ் புகவில்லை, வட்டு பழுதாகவில்லை, எந்தக் கோப்பையும் யாரும் நீக்கவில்லை. அறிக்கைகளைத் தயாரிக்கும் மேக்ரோ, அதாவது எக்செல், வேர்டு வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல், இரண்டாம் முறை ஓடியபோது, ஏற்கெனவே இருந்த கோப்புகளின் மேலேயே புதியவற்றை எழுதிவிட்டது. எழுதும் முன் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

சங்கத்தின் பெயரை இங்கே சொல்லவில்லை. மாணவர் பெயர்களை மாற்றியிருக்கிறேன். நடந்ததை விரிவாக எழுதக் காரணம், இதே அமைப்பில் எழுதிய மேக்ரோக்களை வேறு சங்க அலுவலகங்களிலும் பார்த்திருக்கிறேன். நன்கொடை ரசீது, காவடிப் பதிவு, திருமணச் சான்றுக் கடிதம் எதுவாக இருந்தாலும் உள்ளே இருப்பது இதே வரிகள்தான். அவற்றுக்குள் இருப்பதும் இதே ஆபத்துதான்.

பள்ளியில் வேலை நடந்த விதம்

மாணவர் பதிவேடு ஓர் எக்செல் கோப்பு. சேர்க்கை எண், பெயர், வகுப்பு, வருகை, மதிப்பெண் எல்லாம் அதில் உண்டு. பருவ முடிவில் அலுவலகக் கணினியில் செயலாளர் ஒரு பொத்தானை அழுத்துவார். மேக்ரோ பதிவேட்டை வரிவரியாகப் படித்து, வேர்டில் உள்ள மூல அறிக்கையைத் திறந்து, புத்தகக்குறி வைத்த இடங்களில் விவரங்களை நிரப்பி, மாணவர் பெயரில் ஒரு கோப்பாகச் சேமித்து மூடும். அடுத்தடுத்த நாட்களில் ஆசிரியர்கள் வந்து, தங்கள் வகுப்புப் பிள்ளைகளின் கோப்புகளைத் திறந்து, கீழே உள்ள கட்டத்தில் கருத்துரை எழுதுவார்கள். அதன்பின் அச்சிட்டுக் கையெழுத்திட்டுக் கொடுப்பார்கள்.

அறிக்கையின் உயிர் அந்தக் கருத்துரைதான். வீட்டுப் பேச்சு கிரியோல், பகல் பள்ளிப் பாடம் ஆங்கிலமும் பிரெஞ்சும் என்று வளரும் பிள்ளை தமிழில் எங்கே நிற்கிறது என்பதைப் பெற்றோருக்குச் சொல்லும் இடம் அந்த நாலு வரி மட்டுமே. தப்பிப் பிழைத்த ஒரு கோப்பில் இப்படி இருந்தது: “ழகரத்தை இப்போது தயங்காமல் சொல்கிறாள். வாசிக்கும்போது கால்புள்ளியில் நிற்கப் பழக வேண்டும். தேவாரம் பாடும் நாளில் முதலில் கை தூக்குகிறவள் இவள்தான்.” மதிப்பெண்ணைப் பதிவேட்டிலிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி எடுக்கலாம். இந்த மூன்று வரியை எங்கிருந்தும் எடுக்க முடியாது. இந்த நிகழ்வில் நினைவில் வைக்க வேண்டிய வேறுபாடு அதுதான்.

இன்னொரு பின்னணியும் உண்டு. முந்தைய ஆண்டு வரை கோப்புகளின் பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில், பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருந்தன. தமிழ்ப் பள்ளியின் ஆவணங்கள் தமிழ்ப் பெயரிலேயே இருக்கட்டும் என்று நிர்வாகக் குழு தீர்மானித்தது. பதிவேட்டில் தமிழ்ப் பெயருக்கென ஒரு பத்தி சேர்ந்தது. கோப்புறைக்கும் ‘மாணவர் அறிக்கை’ என்று பெயர் வைத்தார்கள். நல்ல தீர்மானம். அதைக் குறை சொல்ல எதுவும் இல்லை. மேக்ரோவுக்கு அது என்ன செய்யும் என்பதைத்தான் யாரும் சோதிக்கவில்லை.

அந்த மாலை

பெரும்பாலான வகுப்புகளுக்குக் கருத்துரை எழுதி முடிந்திருந்த நிலையில், மூல அறிக்கையின் தலைப்பில் பெற்றோர் கூட்டத்தின் தேதி தவறாக இருப்பதைத் தலைமையாசிரியர் கவனித்தார். செயலாளர் மூல அறிக்கையில் தேதியைத் திருத்தினார். எல்லா அறிக்கைகளிலும் தேதி மாறிவிடும் என்று நம்பிப் பொத்தானை மறுபடி அழுத்தினார். ‘முடிந்தது’ என்ற செய்தி வந்தது. தேதிகளும் மாறியிருந்தன.

மறுநாள் மாலை ஓர் ஆசிரியை தன் வகுப்புக் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, “ஐயா, நான் எழுதியது எங்கே?” என்று கேட்டார். செயலாளர் இன்னொன்றைத் திறந்தார், பிறகு இன்னொன்றை. எல்லாக் கட்டங்களும் காலி. உடனே எனக்குத் தொலைபேசியில் அழைப்பு வந்தது.

செயலாளரை நோக்கி விரல் நீட்டுவது எளிது, அது நியாயமல்ல. வேர்டில் நாம் கையால் ‘வேறு பெயரில் சேமி’ என்று கொடுத்து, அதே பெயரில் கோப்பு இருந்தால், ‘மாற்றவா’ என்று வேர்ட் கேட்கும். ஆண்டுக்கணக்கில் அந்தக் கேள்வியைப் பார்த்துப் பழகியவர், மேக்ரோ வழியாகச் சேமிக்கும்போதும் அது வரும் என்று நம்புவது இயல்பு. அதோடு, பொத்தானின் மேல் ‘அறிக்கை தயாரி’ என்று எழுதியிருந்தது. ஏற்கெனவே தயாரானவற்றை அழித்துவிட்டுத் தயாரிக்கும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

தடயங்கள்

தொலைபேசியில் நான் முதலில் சொன்னது, அந்தக் கணினியில் எதையும் சேமிக்க வேண்டாம், எதையும் நிறுவ வேண்டாம் என்பது. பிறகு கோப்புறையை முழுவதுமாக வெளி வட்டுக்குப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் மட்டும் வேலை செய்தேன்.

மாற்றிய நேரப்படி வரிசைப்படுத்தியதும் பாதி விடை கிடைத்துவிட்டது. எல்லாக் கோப்புகளும் ஒரே ஓட்டத்தில், ஒன்றன்பின் ஒன்றாக, பதிவேட்டின் வரிசையிலேயே எழுதப்பட்டிருந்தன. ஆசிரியர்கள் அப்படி எழுதமாட்டார்கள். ஒரு வகுப்பு செவ்வாயன்று, இன்னொன்று சனியன்று, நடுவில் இடைவெளி என்றுதான் இருக்கும். கோப்பின் பண்புகளைத் திறந்து பார்த்தேன். மொத்தத் திருத்த நேரம் 0 நிமிடம். மனிதர் உட்கார்ந்து தட்டச்சு செய்த கோப்பில் அந்த எண் ஏறியிருக்கும். ஓர் ஆசிரியை வீட்டில் எழுதிப் பென்டிரைவில் வைத்திருந்த கோப்பில் அது ஏறியே இருந்தது.

அடுத்துப் பார்த்தது யாரும் எதிர்பாராதது. பதிவேட்டில் உள்ள மாணவர்களைவிடக் கோப்புறையில் கோப்புகள் குறைவாக இருந்தன. அப்படியானால் தேதித் திருத்தத்துக்கு முன்பே, முதல் ஓட்டத்திலேயே சில அறிக்கைகள் அழிந்திருக்கின்றன. அச்சிடும் நாளில் ‘இந்தப் பிள்ளையுடையது வரவில்லையே’ என்று தேடியிருப்பார்கள்; அதற்குள் பெரிய அழிவு முந்திக்கொண்டது.

காரணம் பெயர்களில் இருந்தது. இந்தத் தீவில் தமிழ்ப் பெயர்களை ஒப்பந்தக் கூலிக் காலத்து எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார்கள். அந்த எழுத்துக்கூட்டல்களே குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டன. ராம்சாமி, ராமசாமி, ராமசாவ்மி மூன்றும் இங்கே மூன்று வெவ்வேறு குடும்பங்கள். பிரெஞ்சு எழுத்தில் இருந்தவரை ‘கூமாரென் ராம்சாமி’யும் ‘குமாரென் ராமசாவ்மி’யும் இரண்டு கோப்புகள். தமிழ்ப் பத்தியில் இருவரும் ‘குமரன் ராமசாமி’ ஆனார்கள். மூன்றாம் வகுப்புக் குமரனின் அறிக்கை மேல் ஐந்தாம் வகுப்புக் குமரனின் அறிக்கை உட்கார்ந்துகொண்டது.

மேக்ரோவுக்குள் என்ன இருந்தது

வேர்டில் மேக்ரோ வழியாகச் சேமிக்கும் கட்டளை ‘சேவ்அஸ்’. வேர்ட் 2010 முதல் ‘சேவ்அஸ்2’. கொடுத்த பெயரில் கோப்பு இருந்தால் பயனரைக் கேட்காமல் அதன் மேல் எழுதும் என்று மைக்ரோசாஃப்ட்டின் கட்டளை விளக்கத்திலேயே நேராகச் சொல்லப்பட்டிருக்கிறது. இது பழுதல்ல, வடிவமைப்பு. ஆள் இல்லாமல் ஓட வேண்டிய நிரல் நடுவில் கேள்வி கேட்டு நிற்கக்கூடாது என்பது அதன் நியாயம். ஆகவே மேலெழுதாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு முழுவதும் மேக்ரோ எழுதுகிறவருடையது.

அந்தப் பொறுப்பை இந்த மேக்ரோவை எழுதியவர் அறிந்தேயிருந்தார். சேமிக்கும் வரிக்கு முன்னால் ஒரு சோதனை வைத்திருந்தார். ‘டிர்’ என்னும் செயற்கூறிடம் கோப்பின் பெயரைக் கொடுக்க வேண்டும். கோப்பு இருந்தால் பெயரைத் திருப்பித் தரும், இல்லாவிட்டால் வெறுமையைத் தரும். வெறுமையாக வந்தால் மட்டும் சேமி என்பது ஏற்பாடு. பிரெஞ்சுப் பெயர்கள் இருந்தவரை அது ஒழுங்காகக் காவல் காத்தது. தமிழ்ப் பெயர் வந்த நாளில் சோதனை செத்துப்போனது. ஆனால் வரி அப்படியே அங்கே இருந்ததால், படிக்கிறவருக்குக் காவல் இருப்பதுபோலவே தெரிந்தது.

ஏன் செத்தது என்பதைத் தமிழில் கோப்புப் பெயர் வைக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் இடம் தரும் குறியீட்டு முறை யூனிகோட். வேர்டும் விண்டோஸும் யூனிகோட் பெயர்களை எந்தச் சிக்கலும் இல்லாமல் கையாள்கின்றன. ஆனால் விஷுவல் பேசிக் மேக்ரோ மொழியின் பழைய கோப்புக் கட்டளைகளான ‘டிர்’, ‘நேம்’, ‘கில்’, ‘ஃபைல்காப்பி’ ஆகியவை கணினியின் பழைய குறியீட்டுப் பக்கத்தை, அதாவது சில மொழிகளின் எழுத்துகள் மட்டும் அடங்கிய சிறு பட்டியலை, தாண்டி எதையும் அறியா. பிரெஞ்சு அமைப்பில் உள்ள கணினியில் அது 1252 என்னும் மேற்கு ஐரோப்பியப் பக்கம். பிரெஞ்சின் உச்சரிப்புக் குறியிட்ட எழுத்துகளெல்லாம் அதில் உண்டு, தமிழ் இல்லை. இல்லாத எழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாகிவிடும். ‘டிர்’ மொழியில் கேள்விக்குறிக்கு வேறு பொருள் இருக்கிறது: ஏதோ ஓர் எழுத்து. கோப்புறையின் பெயரே தமிழில் இருந்ததால் முழுப் பாதையும் கேள்விக்குறிகளாகி, தேடல் எங்கும் போய்ச் சேரவில்லை.

அதற்கு மேலே இன்னொரு வரி, நிரலின் தொடக்கத்தில்: ‘ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’. பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்பது அதன் பொருள். இதில் பலருக்குத் தெரியாத ஒரு கொடுமை உண்டு. நிபந்தனை வரியிலேயே பிழை எழுந்தால், அந்த வரிக்கு ‘அடுத்த வரி’ என்பது நிபந்தனைக்கு உள்ளே இருக்கும் வரிதான். அதாவது நிபந்தனை உண்மை என்பதுபோல நிரல் உள்ளே போய்விடும். ‘டிர்’ வெறுமையைத் தந்தாலும் சரி, பிழை எழுப்பினாலும் சரி, போய்ச் சேர்ந்த இடம் ஒன்றே: சேமிக்கும் வரி. காவலாக எழுதிய வரியே அழிவுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

நிரலைப் படித்துக்கொண்டே போனபோது, இன்னும் நடக்காத, ஆனால் எந்த நாளும் நடக்கக்கூடிய ஒன்றும் கண்ணில் பட்டது. மூல அறிக்கையை வார்ப்புருவாக (புதிய ஆவணங்களை உருவாக்க மட்டும் பயன்படும் அச்சுக் கோப்பாக) வைக்காமல் சாதாரண ஆவணமாகவே திறந்து, நிரப்பி, வேறு பெயரில் சேமித்து, ‘மாற்றங்களைச் சேமித்து மூடு’ என்று முடித்திருந்தார்கள். பெயரில் சாய்கோடு போன்ற ஏற்காத குறி ஒன்று இருந்துவிட்டால் வேறு பெயரில் சேமிப்பது தோற்கும். பிழையை விழுங்கும் வரி மேலே இருப்பதால் நிரல் நிற்காது. அடுத்த வரி மூடும் வரி. அப்போது திறந்திருப்பது மூல அறிக்கையே. ஒரு பிள்ளையின் பெயரும் மதிப்பெண்ணும் நிரம்பிய நிலையில் மூலமே சேமிக்கப்பட்டுவிடும். மொரிசியஸில் தேதியை நாள், மாதம், ஆண்டு என்று சாய்கோடு போட்டு எழுதும் வழக்கம் இருக்கிறது. கோப்புப் பெயரில் அப்படி ஒரு தேதியைச் சேர்த்தால் போதும், இந்த விபத்து நடந்துவிடும்.

பதிவேட்டின் பக்கம், எக்செல்லில், கதை சற்றே வேறு. எக்செல்லின் ‘சேவ்அஸ்’ மேக்ரோவிலிருந்து அழைத்தாலும் கேட்கும். திரையில் முன்தேர்வாக நிற்பதும் ‘வேண்டாம்’ என்ற விடைதான். ஆனால் எச்சரிக்கைகளைத் திரையில் காட்டும் ‘டிஸ்பிளேஅலெர்ட்ஸ்’ என்பதை அணைத்துவிட்டால் எக்செல் தானே ‘ஆம்’ என்று பதில் சொல்லிக்கொள்ளும். எச்சரிக்கை தொல்லையாக இருக்கிறது என்று அதை அணைத்திருப்பதை நான் பார்க்காத மேக்ரோ அரிது. பிரதி ஒன்றை வேறு பெயரில் சேமிக்கும் ‘சேவ்காப்பிஅஸ்’ என்பதோ ஒருபோதும் கேட்பதில்லை. பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்யும் கட்டளையும் அப்படியே.

மீட்டது எவ்வளவு

மேலெழுதிய கோப்பு மறுசுழற்சித் தொட்டிக்குப் போவதில்லை. நீக்கியதைத்தான் தொட்டி வைத்திருக்கும். இங்கே எதுவும் நீக்கப்படவில்லை. வேர்டின் தானியங்கி மீட்புக் கோப்புகள் ஆவணத்தை ஒழுங்காக மூடியதும் அழிந்துவிடும். ஆசிரியர்கள் எல்லோரும் ஒழுங்காகவே மூடியிருந்தார்கள். விண்டோஸின் முந்தைய பதிப்பு வசதி அந்தக் கணினியில் இயக்கப்படவில்லை. கோப்புறை மேகச் சேமிப்பிலும் இல்லை. இருந்திருந்தால் பழைய பதிப்பைத் திரும்ப எடுத்திருக்கலாம். வட்டு எஸ்எஸ்டி வகை. விடுபட்ட இடங்களை ‘டிரிம்’ கட்டளை உடனுக்குடன் துடைத்துவிடுவதால் மீட்பு மென்பொருளில் அதிக நம்பிக்கை வைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன். ஓட்டிப் பார்த்ததில் பயன்படும் எதுவும் வரவில்லை.

காப்புப் பிரதி ஒன்று இருந்தது. எப்போது எடுத்தது என்று கேட்டால், புயல் வந்தபோது. இந்தத் தீவில் பல அலுவலகங்களின் பழக்கம் இது: இரண்டாம் நிலைப் புயல் எச்சரிக்கை வந்ததும் கணினியை மேசைக்கு மேலே ஏற்றி, வெளி வட்டில் பிரதி எடுத்து, யாராவது வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். வெள்ளத்துக்கும் மின்வெட்டுக்கும் அது நல்ல ஏற்பாடு. ஆனால் புயல் பருவம் நவம்பர் முதல் ஏப்ரல், மே வரை. அறிக்கை அழிந்ததோ ஜூலையில், குளிர்காலத்தில். பிரதியில் இருந்தது மாதக்கணக்கில் பழைய பதிவேடு. இந்தப் பருவத்தின் ஒரு வரிகூட இல்லை.

உண்மையில் மீண்டு வந்தவை மனிதர்கள் வழியாக வந்தவை. ஒரு வகுப்பின் கோப்புகள் ஆசிரியையின் பென்டிரைவில் இருந்தன. சில அறிக்கைகளை ஏற்கெனவே அச்சிட்டிருந்தார்கள். அவற்றைப் பார்த்துத் தட்டச்சு செய்தோம். ஓர் ஆசிரியர் தன் குறிப்பேட்டில் முதலில் பேனாவால் எழுதும் பழக்கம் உள்ளவர். அவர் வகுப்பு முழுவதும் மீண்டது. மற்றவர்கள் உட்கார்ந்து மறுபடி எழுதினார்கள். மூத்த ஆசிரியை ஒருவர், “முதலில் எழுதியது பிள்ளையை வகுப்பில் பார்த்த சூட்டில் எழுதியது. இது நினைவிலிருந்து எழுதுவது” என்றார். அந்த இழப்பை எந்த நிரலும் ஈடுசெய்யாது.

மாற்றி எழுதியது

முதல் யோசனை எல்லோருக்கும் வருவதுதான்: கோப்பு இருந்தால் ‘மேலெழுதவா?’ என்று கேட்கட்டும். நிர்வாகக் குழுவிலும் அதையே சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை. மேக்ரோவை மறுபடி ஓட்டும்போது ஒவ்வொரு மாணவருக்கும் அந்தக் கேள்வி வரும். பத்தாவது முறையில் விரல் தானாகவே ‘ஆம்’ மேல் போய் நிற்கும். தேதியைத் திருத்த வேண்டும் என்ற எண்ணத்தில் இருப்பவருக்கு ‘ஆம்’ என்பதே சரியான விடையாகவும் தோன்றும். கேள்வி கேட்பது பொறுப்பை இயக்குபவர் தலையில் வைக்கும் வேலை. கோப்பைக் காப்பாற்றும் வேலை அல்ல. ஏற்கெனவே இருக்கும் கோப்பின் மேல் எழுதும் திறனே இந்த மேக்ரோவுக்கு இருக்கக்கூடாது என்பதை அடிப்படையாக வைத்துத்தான் எல்லாவற்றையும் எழுதினேன்.

கோப்பின் பெயரிலிருந்து தொடங்கினோம். பெயர் தனித்தன்மை தராது. சேர்க்கை எண் தரும். ஆகவே ஆண்டு, பருவம், சேர்க்கை எண், பிறகு தமிழ்ப் பெயர் என்ற வரிசை. தேதி தேவைப்படும் இடத்தில் ஆண்டு, மாதம், நாள் என்று சிறுகோடு போட்டு எழுதுகிறோம். சாய்கோட்டுச் சிக்கலும் தீர்ந்தது, வரிசையும் ஒழுங்காக வருகிறது. தேசிய அடையாள எண்ணைச் சேர்க்கலாமே என்று ஒருவர் கேட்டார். அதில் பிறந்த தேதியே அடங்கியிருக்கிறது. கோப்புப் பெயர் அச்சு வரிசையிலும் மின்னஞ்சல் இணைப்பிலும் எல்லோர் கண்ணிலும் படும். 2017ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உள்ள நாட்டில் பிள்ளைகளின் எண்ணைப் பெயர்ப்பலகையாக மாட்டுவது தகாது என்று விட்டுவிட்டோம்.

தமிழ்ப் பெயரைத் தனியே நம்பக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ‘கோவிந்தன்’ என்பதில் ‘கோ’வின் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. விண்டோஸின் கோப்பு முறைக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். இங்கே ஆபத்து தலைகீழ்: மேலெழுதாமல், ஒரே பெயர்போலத் தெரியும் இரண்டு கோப்புகள் உருவாகும், ஆசிரியர் ஒன்றில் எழுதுவார், அச்சாவது மற்றது. சேர்க்கை எண் முன்னால் இருந்தால், ஒரே எண்ணில் ஏற்கெனவே கோப்பு இருக்கிறதா என்று தேடி இதையும் பிடித்துவிடலாம்.

‘டிர்’ போய், அதன் இடத்தில் கோப்புகளைக் கையாளும் விண்டோஸ் கருவியான ‘ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட்’ வந்தது. கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும் அதன் ‘ஃபைல்எக்ஸிஸ்ட்ஸ்’ கட்டளை யூனிகோட் பெயரைச் சரியாகப் படிக்கும். ஆனால் சோதித்துவிட்டுச் சேமிப்பது மட்டும் போதாது. சோதனைக்கும் சேமிப்புக்கும் நடுவில் இன்னொரு கணினி அதே பெயரில் எழுதலாம்; இங்கே அலுவலகத்திலும் மேல்மாடி வகுப்பறையிலும் ஒரே பகிர்வுக் கோப்புறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதனால் சேமிப்பை இரண்டு படியாக்கினேன். அறிக்கை முதலில் வேறொரு தற்காலிகக் கோப்புறையில், கணினியின் பெயரும் நொடி வரையிலான நேரமும் சேர்ந்த பெயரில் சேமிக்கப்பட்டு மூடப்படும். பிறகு ‘மூவ்ஃபைல்’ அதை உரிய பெயருக்கு நகர்த்தும். இந்தக் கட்டளையின் குணம் நமக்குச் சாதகமானது: போய்ச் சேரும் பெயரில் கோப்பு இருந்தால் மேலெழுதாது, பிழை எழுப்பி நின்றுவிடும். இதே கருவியின் பிரதி எடுக்கும் கட்டளை ‘காப்பிஃபைல்’ நேர் எதிர். மேலெழுதாதே என்று சொல்லாமல் விட்டால் மேலெழுதும். இரண்டையும் மாற்றி எழுதிவிடக்கூடாது என்று அந்த வரிக்கு மேலே தமிழில் ஒரு குறிப்பு வைக்க விரும்பினேன். மேக்ரோ எழுதும் சாளரம் தமிழ் எழுத்தைக் கேள்விக்குறியாக்கிவிடும். ஆகவே குறிப்பு பதிவேட்டின் ஒரு தாளில் இருக்கிறது.

நகர்த்தல் மறுக்கப்பட்டால் என்ன செய்வது? தானாக 2, 3 என்று எண் சேர்த்துச் சேமிக்கும் மேக்ரோக்கள் உண்டு. கோப்பு அழியாது என்பது உண்மை. ஆனால் ஒரே பிள்ளைக்கு மூன்று அறிக்கை கிடந்தால் எது மெய் என்று யார் சொல்வது? இந்தப் பள்ளிக்கு அது பொருந்தாது. இங்கே மேக்ரோ அந்த மாணவரைத் தாண்டிப் போய், ‘பார்க்க வேண்டியவை’ என்ற தாளில் எண்ணையும் பெயரையும் காரணத்தையும் எழுதிவைக்கும். முடிவு மனிதருடையது. பிழையை விழுங்கும் வரியை அடியோடு எடுத்தேன். எதிர்பார்க்கும் பிழைக்கு மட்டும் பதில் உண்டு. வேறு எது வந்தாலும் நிரல் அங்கேயே நிற்கும்.

மூல அறிக்கை இப்போது உண்மையான வார்ப்புரு. அதைத் திறப்பதில்லை, அதிலிருந்து புதிய ஆவணம் உருவாக்கப்படுகிறது. சேமிப்பு தோற்றாலும் மூலத்தைத் தொட வழியில்லை.

இவற்றையெல்லாம்விட முக்கியம் என்று நான் கருதுவது கருத்துரையின் இடமாற்றம். மேக்ரோ உருவாக்கும் கோப்புக்குள் மனிதர் கையால் எழுதியதன் ஒரே பிரதி இருக்கக்கூடாது. உருவாக்கும் கோப்பு எப்போது வேண்டுமானாலும் மறுபடி உருவாகக்கூடியதாக இருக்க வேண்டும். எனவே கருத்துரை பதிவேட்டில் தனிப் பத்திக்குப் போனது. அறிக்கை அதை எடுத்துக் காட்டும், அவ்வளவே. ஆசிரியர்கள் முதலில் விரும்பவில்லை. எக்செல்லின் சிறிய கட்டத்தில் நாலு வரி எழுதுவது அவர்களுக்குக் கஷ்டம்; எழுதுகிற வரி முழுவதும் கண்ணில் தெரியவும் இல்லை. நியாயமான குறை. பதிவேட்டில் ஒரு சிறு படிவம் சேர்த்தேன்: மாணவர் பெயர் மேலே, அகலமான எழுதும் இடம் கீழே, பெரிய எழுத்து. அதன்பின் ஒருவரைத் தவிர எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். அவர் இன்னும் வேர்டிலேயே எழுதுகிறார். அவர் முடித்த கோப்புகள் ‘முடிந்தவை’ என்ற கோப்புறைக்குப் போகும். அலுவலகக் கணினியின் பயனர் கணக்குக்கு அந்தக் கோப்புறையில் படிக்கும் உரிமை மட்டும் உண்டு. எழுதும் உரிமை இல்லை.

சோதனை

பள்ளியின் உண்மைத் தரவைத் தொடாமல், தனிக் கோப்புறையில் வேண்டுமென்றே சிக்கலான ஒரு பதிவேட்டைத் தயாரித்தோம். ஒரே பெயரில் மூன்று குமரன்கள், இரண்டு விதமாகத் தட்டச்சு செய்த கோவிந்தன், பெயரில் சாய்கோடும் மேற்கோள் குறியும் உள்ள ஒருவர், சேர்க்கை எண் விடுபட்ட ஒருவர். மேக்ரோவை இரண்டு முறை தொடர்ந்து ஓட்டினோம். பிறகு இரண்டு கணினிகளில் ஒரே நேரத்தில். முதல் ஓட்டத்தில் உருவான கோப்புகளின் மாற்றிய நேரத்தைத் தாளில் குறித்துவைத்து, கடைசியில் ஒப்பிட்டோம். ஒன்றுகூட மாறியிருக்கவில்லை. எண் இல்லாதவர் ‘பார்க்க வேண்டியவை’ தாளில் வந்திருந்தார். இரட்டைக் கோவிந்தனும் அங்கேயே இருந்தார்.

வேர்டு, எக்செல்லுக்கு மாற்றான இலவச மென்பொருள் லிப்ரேஆஃபிஸ் வைத்திருக்கும் ஆசிரியர் ஒருவர் தன் மடிக்கணினிக்கும் இது பொருந்துமா என்று கேட்டார். அங்கேயும் மேக்ரோவின் சேமிப்புக் கட்டளை முன்னிருப்பாக மேலெழுதும். ஆனால் சேமிக்கும்போது கொடுக்கும் பண்புகளில் ‘ஓவர்ரைட்’ என்பதை ‘இல்லை’ என்று வைத்தால் கோப்பு இருக்கும்போது மறுத்துப் பிழை எழுப்பும். வேர்டில் இப்படி ஒரு நேரான வசதி இல்லாதது குறையே. மேக் கணினியில் ‘ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட்’ கிடையாது. ஆகவே மேக் வைத்திருப்பவர்கள் கருத்துரை எழுதலாம், மேக்ரோவை ஓட்டக்கூடாது என்று முடிவானது.

காப்புப் பிரதியையும் புயலுக்காகக் காத்திருக்கும் பழக்கத்திலிருந்து பிரித்தோம். பதிவேடு மூடும்போதெல்லாம் அதன் ஒரு பிரதி, தேதியும் நேரமும் பெயரில் சேர்ந்து, வேறொரு வட்டில் விழுகிறது. ‘சேவ்காப்பிஅஸ்’ கேட்காமல் மேலெழுதும் என்பதால் பெயரில் நொடி வரை இருக்கிறது. பழைய பிரதிகளைப் பருவத்துக்கு ஒரு முறை செயலாளர் பார்த்து அகற்றுவார்; மேக்ரோவுக்கு எதையும் நீக்கும் வேலை கொடுக்கவில்லை.

மூன்றாம் பருவ அறிக்கை இந்த அமைப்பில்தான் வந்தது. நடுவில் ஒரு மதிப்பெண் திருத்தத்துக்காகச் செயலாளர் மேக்ரோவை மறுபடி ஓட்டினார். ஏற்கெனவே கோப்பு உள்ள எல்லா மாணவர்களின் எண்களும் ‘பார்க்க வேண்டியவை’ தாளில் வரிசையாக வந்தன. திருத்தம் தேவைப்பட்ட ஒரு பிள்ளையின் பழைய அறிக்கையை அவரே வேறு கோப்புறைக்கு நகர்த்திவிட்டு மீண்டும் ஓட்டினார். அந்த ஒன்று மட்டும் புதிதாக வந்தது. பிரெஞ்சுப் பெயரில் கிடக்கும் முந்தைய ஆண்டுகளின் கோப்புகளுக்குச் சேர்க்கை எண் போடும் வேலை இன்னும் பாக்கி. விடுமுறையில் இரண்டு ஆசிரியர்கள் பழைய கைப்பதிவேட்டை வைத்துக்கொண்டு அதைத் தொடங்குகிறார்கள்.